புதுப்புனல் பறை

ஆடித் திங்கள் அந்தி. வெள்ளாற்றில் செம்மண் கரைந்த புதுவெள்ளம் குறும்பூர்க் கோட்டை மதிலை உரசிக்கொண்டு புரள, கீழ்வானில் எழுந்த முழுநிலவு அதன்மேல் வெள்ளியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மாலையில் ஊரார் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்களா என்று கேட்கிறீர்களா, வாசகர்களே? கிடந்தார்கள். கதவையும் சாத்திக்கொண்டு கிடந்தார்கள்.

காரணம், மதில்மேல் நின்றுகொண்டிருந்த முதலமைச்சர் பூதநந்தியார். புனலாட்டு, ஊசல், கூத்து, பறை யாவும் மனத்தைக் கெடுக்கும் களியாட்டங்கள் என்று தடை விதித்தவர் அவர்தாம். மீறினால் அம்பு. முன்னொரு புனலாட்டில் அவருடைய ஒரே மகன் கடம்பனை ஆறு கொண்டுபோயிருந்ததால், ஊரார் எதிர்த்துப் பேசவில்லை. பாவம், பெற்ற மனம் வேறு என்னதான் செய்யும்?

ஆற்றோடு போனவரைப் புதுவெள்ள நாளில் வீட்டார் முகமூடி அணிந்து, படகிலிருந்து பறையடித்து அழைப்பது அவ்வூர் வழக்கம். ஓசையைப் பிடித்துக்கொண்டு உயிர் கரையேறுமாம். பறை பாதியில் நின்றால் நடு ஆற்றிலேயே தவிக்குமாம். கடம்பனை இதுவரை யாரும் அழைக்கவில்லை.

திடீரென்று ஆற்றில் பறை ஒலித்தது. படகொன்றில் முகமூடி அணிந்த உருவம் தெரிந்தது.

"எய்யட்டுமா, ஐயா?" என்றான் வில்வீரர் தலைவன் மருதன்.

"ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான். எய்துவிடு."

நாண் அதிர்ந்தபோதுதான் அந்தத் தாளம் அவருக்கு உறைத்தது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி. சோறு வரும்வரை மணையில் தட்டித் தட்டிக் கடம்பன் அவரிடம் திட்டு வாங்கிய தாளம்.

"நிறுத்து," என்றார். அம்பு போய்விட்டிருந்தது.

வெள்ளம் படகைக் கரையில் ஒதுக்கியது. தள்ளாடி ஓடிவந்த பூதநந்தியார் முகமூடியை விலக்கினார். மார்பில் அம்போடு கிடந்தவள் கடம்பனின் மனைவி எயினி.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?"

"சொன்னால் விட்டிருப்பீர்களா, மாமா? அவர் பாதி ஆறு வந்துவிட்டார். எனக்குக் கை எழவில்லை."

பூதநந்தியார் அவள் தலையைத் தம் மடியில் கிடத்திக்கொண்டு பறையை எடுத்தார். கோல் பிடித்தறியாத கையால் அடிக்கத் தொடங்கினார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி. ஊருக்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மருதன் இறங்கிவந்து பார்த்தான். "ஐயா, அம்மையார் போய்விட்டார்."

"தெரியும். அவனைத் தேடி ஆற்றுக்குத்தான் போயிருப்பாள்," என்றார் பூதநந்தியார், கண்ணீரைத் துடைக்காமல், அடியை நிறுத்தாமல். "இருவரும் கரையேறும்வரை பொறுத்துக்கொள், மருதா. பிறகு எய்துவிடு. ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான்."