பின்பாரம்

தூக்கக்கூடிய அளவைத் தாண்டிய இரும்பு அச்சு அது. அதைத் தாங்கிய முள்கரம் மேலே போகும்போது ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. மணிவேல் லீவரிலிருந்து கையை எடுத்தான். பின்னால் யாரும் ஏறி நிற்கவில்லை. ஆளை ஏற்ற மாட்டேன் என்று சற்று முன்புதான் சூப்பர்வைசர் ராஜசேகரிடம் சண்டை போட்டிருந்தான்.

ஓசூர், ராயக்கோட்டை ரோட்டு ஷெட்டில் அதுதான் வழக்கம். பாரம் மீறினால் வண்டியின் பின்னால் ஆளை நிறுத்திச் சரிக்கட்டுவார்கள். போன மாதம் அப்படி நின்ற ஊத்தங்கரை மாதவன், ரிவர்ஸில் கால் வழுக்கிப் பின்சக்கரத்துக்குள் போனான். பிரஷ்ஷும் தின்னரும் கொடுத்து வண்டியைக் கழுவச் சொன்னவர் ராஜசேகர். டயர் பள்ளத்தில் சிக்கியிருந்ததை மணிவேல் ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்தான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்னொரு உயிர் இந்த வண்டியில் போகக் கூடாது. அவன் கேட்டது அவ்வளவுதான்.

தகரக் கூரையில் பகல் மழை இடைவிடாமல் கொட்ட, டீசல் புகைக்கும் நனைந்த அட்டைப்பெட்டி வாடைக்கும் அடியில் வேறொரு நாற்றம், மூடியே கிடந்த டிபன் பாக்ஸில் ஊசிப்போன கறியைப் போன்ற நாற்றம், மெல்ல மேலேறி அவன் பிடரியில் வெதுவெதுப்பாகப் பட்டது. விட்டு விட்டுப் பட்டது. மூச்சு.

"பாத்தியா, ஆளே வேணாம். தூக்கிருச்சு!" என்றார் ராஜசேகர். கையில் எண்ணெய் சொட்டும் முட்டை பப்ஸ். மாதவன் விழுந்த இடத்தில் நின்று தின்ன எப்படித்தான் மனசு வருகிறதோ!

"சார், எறக்கிர்றேன். பின்னால என்னமோ பாரம் இருக்குது."

"என்னா பாரம்? லாரி காத்துக்கிட்டு நிக்குது. ரிவர்ஸ் எடுய்யா."

முன்பக்கத்தை அச்சு மறைத்திருந்தது. பின்னால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். மணிவேலுக்குக் கழுத்து திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். வண்டியின் கூரைக் கம்பியைப் பிடித்தபடி நாலு விரல். வெளுத்து, ஊறி, தோல் கழன்று தொங்கின. நகங்களின் இடத்தில் டயர்க் கறுப்பு.

"பயந்தாங்கொள்ளி! நானே பின்னால நிக்கறன், ஓட்டு."

"சார், ஏறாதீங்க! வேணாம் சார்!"

ஏறிவிட்டார். பப்ஸை வாயில் கவ்விக்கொண்டு கம்பியைப் பிடித்தவர், முகம் சுளித்துக் கையைப் பேண்டில் துடைத்தார். மறுபடியும் அங்கேயே பிடித்தார். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல, தன்னை அறியாமல் சற்று ஒதுங்கி நின்றார்.

மணிவேல் சாவியைப் பிடுங்கினான். எஞ்சின் நின்றது. அப்பாடா.

ரிவர்ஸ் ஹாரன் கத்தியது.

பிரேக்கை மிதித்தான். நகர்ந்தது. மிதித்தான். நகர்ந்தது.

"குதிங்க சார்!"

கண்ணாடியில் பார்த்தான். கம்பியில் விரல்கள் இல்லை. அவை ராஜசேகரின் உதட்டுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. அவர் மென்றுகொண்டிருந்தார்.