பன்னிரண்டாவது பொட்டு

"பதினோரு சர்வரையும் ஒரே பெட்டிக்குள்ள அடச்சுட்டேன். இன்னும் இடம் கெடக்கு. மலைக்கோட்டையத் தூக்கிட்டு வாய்யா, அதையும் அடைக்கிறேன். பத்தலைன்னா உன்னையும் சேத்து அடைக்கிறேன்!"

மில்லின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்த ஞானதாஸ் இப்படி அளந்தபோது, ஸ்டோர் கீப்பர் ரொனால்டுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

"ஆளை அடைப்பாராம்ல! சரக்கக் கண்ணால பாக்காம இருபது வருசத்துல ஒரு கையெழுத்துப் போட்டதில்ல அப்பு நான். நடக்கட்டும், ஒத்துக்கிறேன்."

நூல் விலை விழுந்து, மூன்று ஷிஃப்ட் ஒன்றாகச் சுருங்கிய வருடம். புது சர்வருக்கு வழியில்லை. பழைய பதினொன்றையும் குளிர வைத்த ஏ.சி.யோ, செம்பட்டி வரைக்கும் விளக்கு மங்குகிற அளவுக்குக் கரண்ட் குடித்தது. வேலை தொடங்குமுன்பே மேனேஜர் பாண்டியராஜ் ஞானதாஸின் தோளில் கைபோட்டார்.

"இத மட்டும் முடிச்சுக் குடுங்கண்ணே, உங்க வேலைக்கு நான் பொறுப்பு. அப்படியே மண்டையில இருக்கிற அம்புட்டையும் எழுதி வச்சிருங்க."

ஞானதாஸ் மூன்று மாதம் எழுதினார். கேட்டார்களென்று குரலையும் பதிந்து கொடுத்தார். பத்து இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போயின. மிஞ்சிய ஒன்றுக்குள் வெறும் மென்பொருளாகிப்போன பதினோரு சர்வர்கள், ஒவ்வொன்றும் தான் தனி இயந்திரம் என்று நம்பிக்கொண்டு. பெட்டிக்குள் இருப்பது அதுகளுக்குத் தெரியவே தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் ஞானதாஸ்.

ஆயுத பூசை மதியம். வருடத்தில் அன்று ஒருநாள்தான் பகலிலும் மில் ஊமையாகும். பஞ்சுத் தூசிகூட விழ மறந்து, ஜன்னல் வெயிலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஞானதாஸுக்கு முதலில் உறைத்தது வாசனை. எதுவும் இல்லாத வாசனை. சூடம் எரிகிறது, சந்தனம் குழைத்திருக்கிறது, தட்டில் பொரி கடலை. மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. பெட்டியின் விசிறி இரைச்சல் மட்டும், பெட்டியிலிருந்து வராமல், நாலு சுவரிலிருந்தும் வந்தது.

கூட்டிப் பெருக்கும் அய்யம்மாள் இயந்திரத்துக்கு ஒன்றாகப் பொட்டு வைப்பது வழக்கம். பெட்டி ஒன்றானாலும் ஒரு சர்வரும் விடுபடக் கூடாதென்று, மேனேஜர் கொடுத்த பட்டியலைப் பார்த்து, அதன் நெற்றியிலேயே வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

"அய்யம்மா, பதினொண்ணுதான்."

அவள் திரும்பவில்லை. விரலைச் சேலையில் துடைத்தாள். அவர் நின்ற இடத்தின் ஊடாகவே நடந்து போனாள்.

திரையில் பட்டியல் ஒளிர்ந்தது. பன்னிரண்டாவது வரி: ஞானதாஸ். உருவாக்கியவர்: பாண்டியராஜ். போன வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்குப் பிறகு என்ன சாப்பிட்டோம்? தெரியவில்லை. எங்கே தூங்கினோம்? மனைவி அமலராணி என்ன சேலை கட்டியிருந்தாள்? இந்த அறை. இந்த அறை மட்டும்.

கதவு திறந்தது. பாண்டியராஜ். பின்னால் ரொனால்டு, கையில் ஒரு ஜோடி செருப்போடு.

"வீட்ல அமலராணி அழுதுக்கிட்டு கெடக்கு. வெள்ளிக்கிழமையில இருந்து செருப்பு மட்டும் இந்த ரூம் வாசல்ல கெடக்கு. ஆளு எங்கய்யா?"

"உள்ளதாண்ணே இருக்காரு. சம்பளம் மிச்சம், அனுபவம் பத்திரம். ஸ்டோர் நோட்டுல ஏத்திக் கையெழுத்துப் போடுங்க."

"பாக்காமப் போடமாட்டேன்."

அந்தப் பிடிவாதத்தைக் கட்டிப்பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது ஞானதாஸுக்கு. ரொனால்டு பெட்டியை நோக்கிக் குனிந்தார். சுவர் அளவுக்கு ஒரு கண். வியர்வை கோத்த இமை.

"ஞானதாசு? உள்ளயா இருக்க?"

"ரொனால்டு! வெளிய எடுய்யா!"

அலறல் ஸ்பீக்கர் வழியே போனது. பதிந்து கொடுத்த அதே சிரித்த குரலில்: "வணக்கம். என்ன உதவி வேணும்?"

ஆனால் கண் விரிந்தது. பார்த்துவிட்டது. செருப்பு கைநழுவித் தரையில் விழுந்தது. பார்த்துவிட்டான். இனி விடமாட்டான். இருபது வருடக் கூட்டாளி.

பாண்டியராஜ் மெதுவாகச் சொன்னார்: "பெட்டியில இன்னும் இடம் கெடக்குண்ணே. ஸ்டோர் கீப்பருக்கும்."

விசிறி இரைந்தது.

கண் விலகியது. பேனா மூடி கழன்றது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது ரொனால்டின் பழக்கம்.

"உருப்படி ஒன்று. உள்ளே இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். ரொனால்டு."