சாப்பிட வாங்கோ

சிவசோதி நின்ற பிறகும் பின்னால் ஒரு காலடி கேட்டது. நிற்க மறந்துபோன காலடி.

சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கத்தான் சொன்னார். யூ யாங்ஸ் மலையில் ஏறச் சொல்லவில்லை. கிளென் வேவர்லி வீட்டிலிருந்து மெல்பேர்னைக் குறுக்கறுத்து, அவ்வளவு தூரம் கார் ஓட்டிப்போய்த்தான் நடப்பேன் என்கிற மனிதரை யார் தடுப்பது? புல் கருகி, காய்ந்த யூகலிப்டஸ் இலையும் சுட்ட கல்லும் கலந்து மணக்க, மாட்டுத்தலை அளவிலிருந்து மாடிவீடு அளவுவரை பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று குந்தியிருந்தன. அவற்றின் நிழல்கள் எல்லாம் சாய்கிற சூரியனை நோக்கியே நீண்டிருந்ததைப் பார்த்தும் பாராதவர்போல அவர் ஏறினார்.

களைத்ததும் ஒரு பாறையில் குந்தியிருந்து புட்டுப் பார்சலைப் பிரித்தார். பாறைக்கு அப்பால் மூச்சுச் சத்தம். பக்கத்தில் ஆளிருக்கத் தனியே தின்று பழகாதவர். வாய் தானாகச் சொன்னது:

“வாங்கோ, சாப்பிடுவம்.”

மூச்சு நின்றது.

“இப்ப வேண்டாமெண்டா ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ. மனுசி நல்லாச் சமைப்பா.”

எட்டிப் பார்த்தார். ஆளில்லை. பாறையில் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம். தலை, தோள், முழங்கால், எல்லாம் அச்சொட்டாக. உள்ளே இன்னும் ஈரம்.

ஓடினார். காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டியதும் போன் அடித்தது. மனைவி மேனுகா.

“எங்க நிக்கிறியள்? உங்கட ஆள் வந்திட்டார்.”

“எந்த ஆள்?”

“நீங்கதானாம் வரச்சொன்னனீங்கள். கதிரை தாங்காதெண்டு நிலத்தில இருக்கிறார். பிள்ளையை மடியில வச்சுச் சோறு தீத்துறார்.”

“மேனுகா, அக்ஷராவைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடும்.”

“என்னப்பா, சாப்பிடேக்க எழுப்பிறதோ?”

போன் நின்றது. பிறகு அடித்தும் அவள் எடுக்கவில்லை. பொலிஸுக்குப் போன் அடித்தார். போய்ப் பார்த்தவர்கள் திருப்பி அடித்தார்கள்: குடும்பமாக இருந்து சாப்பிடுகிறார்களாம்.

வீடு. விளக்கு எரிந்தது. வாசலில் செருப்புகளுக்கு நடுவே கல்தூள். சுட்ட கல் மணம். உள்ளே ஏதோ அரைபட்டது. மெதுவாக. ஆறுதலாக.

கதவு திறந்தது.

அக்ஷரா. ஐந்து வயது. தமிழில் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்லும் பிள்ளை.

அவர் கையைப் பிடித்தாள். வெயிலில் கிடந்த கல்லின் சூடு.

“வாங்கோ,” என்றாள். சிவசோதியின் சொந்தக் குரலில். “சாப்பிடுவம்.”

சிரித்தாள். வாய் நிறையக் கல். அவள் நிழல், உள்ளே எரிந்த விளக்கை நோக்கி நீண்டு கிடந்தது.