தோளுக்குப் பொருந்திய துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி அவர் தோளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் முதல் தப்பு.

பழைய துப்பாக்கிகளைப் பார்த்து மதிப்பிட்டுச் சான்று எழுதிக் கொடுக்கும் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டதில், வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். தையற்காரர்கள் அலுத்துக்கொள்ளும் உடம்பு. நல்ல இரட்டைக் குழல் துப்பாக்கியும் சட்டை மாதிரிதான். ஒரே ஒருவரின் கை நீளமும் கழுத்தும் கன்னமும் பார்த்துப் தோளில் பதியும் பின்கட்டையைச் செதுக்கியிருப்பார்கள், அடுத்தவருக்கு இடிக்கும். இவருக்கு எல்லாமே இடித்தன. "உங்களுக்குப் பொருந்தினது நான் ஒருத்திதான்" என்று மனைவி கேலி செய்வாள்.

காலையில் அதைக் கொண்டுவந்தவர் நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார், அவ்வளவு உயரம். மாமனாருடையது என்றார். மாமியார் இல்லை, போன மாதத்திலிருந்து தன் மனைவியும் இல்லை என்றார். "எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரியே இருந்துச்சு. அவரும் அப்படித்தான் சொல்வாரு." ரசீது கேட்கவில்லை. மேசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவா?" என்றார். ஆமாம் என்றதும் மழையில் குடையைக்கூட விரிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அந்த உயரத்துக்கும் இந்தக் கோணல் தோளுக்கும் ஒரே கட்டை எப்படிப் பொருந்தும்? ஆள் புளுகுகிறார், எங்கோ அறுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று உருப்பெருக்கியை எடுத்தார். ஒட்டே இல்லை. மரத்தின் ரேகை நுனி முதல் அடி வரை அறாமல் ஓடியது. திருகாணிகளின் வெட்டுகள் எல்லாம் குழல் போகும் திசையிலேயே நின்றன, அது பொறுமைசாலியின் கைவேலை. குழலைத் தொங்கவிட்டுச் சுண்டினால் விரிசல் இல்லாமல் சுத்தமாக ஒலித்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவருக்கு உறுத்தியது.

"இன்னொரு தடவை தூக்கிப் பாக்கறேன்" என்றார்.

அவருக்கும் மனைவிக்கும் ஒரு வழக்கம். அவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து காட்ட வேண்டும். அவள் இரண்டு குழலிலும் பார்த்து "காலி" என்று சொன்ன பிறகுதான் தோளுக்குப் போகும். பிறகு சுவர்க் கடிகாரத்துக்கு நேரே நின்று, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கண்ணைத் திறப்பார். குறிபார்க்கக் குழல் நுனியில் பதித்த சின்னப் பித்தளை மணி கடிகாரத்தில் நின்றால் கட்டை பொருத்தம். காலையில் அப்படித்தான் நின்றது.

"காலி" என்றாள்.

கண்ணை மூடினார். ஏற்றினார். திறந்தார்.

பித்தளை மணிக்கு அப்பால் மனைவியின் கழுத்து இருந்தது.

"ஏங்க! என்ன விளையாட்டு இது?"

"நாற்காலியை நகர்த்தினியா?"

"நான் அசையவே இல்ல. நீங்கதான் திரும்பினீங்க, மெதுவா. யாரோ தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்ட மாதிரி."

சொன்ன பிறகு அவள் சிரிக்கவில்லை. நாற்காலியின் கால்களைப் பார்த்தார். தூசியில் இழுத்த தடம் ஏதுமில்லை. அப்படியானால் தன்னையே சந்தேகப்பட வேண்டும். சுண்ணக்கட்டியால் தன் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு மறுபடி ஏற்றினார். கண்ணைத் திறந்தபோது மணி அவள் நெற்றியில் நின்றது. பாதங்கள் கோட்டுக்கு வெளியே இருந்தன. அடி எடுத்து வைத்ததே அவருக்குத் தெரியவில்லை.

"போதும், மூட்டை கட்டுங்க இதை."

"விசை மட்டும் பாக்கி. அது இல்லாம சான்று எழுத முடியாது. நீ உள்ள போ. டீ போடு. நான் கூப்பிடற வரைக்கும் வராதே."

அவள் போனாள். அவரே சமையலறைக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி, கடிகாரத்தைப் பார்த்து நின்றார். எது எப்படித் திரும்பினாலும் நடுவில் கதவு இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விசையை வெறுங்குழலில் இழுத்தால் உள்ளே ஊசி ஒடியும். அதற்கென்றே மருந்தில்லாத இரண்டு டம்மி தோட்டாக்கள் வைத்திருந்தார். தோட்டாப் பெட்டிக்குள் பார்க்காமலே கைவிட்டு இரண்டை எடுத்தார். பழக்கதோஷத்தில் துப்பாக்கியை மடித்துப் பக்கவாட்டில் நீட்டினார்.

"காலி."

இரண்டையும் நுழைத்து மூடினார். இரண்டு விசையும் ஒரே சத்தத்தில் விழுகிறதா என்று காதுதான் சொல்ல வேண்டும், கண் திறந்திருந்தால் காது சோம்பும். மூடிக்கொண்டார். கட்டை கன்னத்தில் ஒட்டியது, யாரோ இப்போதுதான் கன்னத்தை எடுத்துவிட்டுப் போன இடம் போல வெதுவெதுப்பாக. மழைச் சத்தம். கடிகாரத்தின் டிக் டிக். விரல் விசையைத் தொட்டது.

"காலி" என்று சொன்னது யார்?

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. கடிகாரத்தின் டிக் டிக் இப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. எதிரே, ரொம்பப் பக்கத்தில், டம்ளரில் கரண்டி கலக்கும் சத்தம்.

கதவு எங்கே?

"ஏங்க," எதிரேயிருந்து மனைவியின் குரல், முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிற குரல். "இந்த டம்மி தோட்டா ரெண்டையும் எதுக்கு அடுப்பு மேடையில கொண்டாந்து வச்சீங்க?"

கத்த வாயெடுத்தார். கன்னம் கட்டையை விட்டு வரவில்லை.

கண்ணைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பின்னாலிருந்து இரண்டு விரல்கள் அவர் இமைகளை மூடியிருந்தன. குளிர்ந்த, வளையல் உரசும் கை.

இன்னொரு கை அவர் தோள் வழியே நீண்டு வந்தது. விசையில் இருந்த அவர் விரலின் மேல் தன் விரலை வைத்தது. மெல்ல அழுத்த ஆரம்பித்தது.