ஸ்விட்சை அணைத்தவள்

"கையை எடுங்க. நான்தான் முதல்ல பார்த்தேன்," என்றாள் அவள்.

பழைய சாமான் கடையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டரின் ஒரு முனை அவள் கையில்... மறுமுனை, கண்ணாடியெல்லாம் மழைத்துளியோடு நின்ற ஒரு நெட்டையன் கையில். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையும் அடங்கிய, டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்து மாடல். அவள் விடுவாளா என்ன? தெருவே 'டிவி டாக்டர்' என்று கூப்பிடும் மெக்கானிக் அவள். ஓடாத இதை வாங்கி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். புரோகிராம் எழுதுவதுதான் வேலையாம்... ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வராதாம்.

கடைசியில் சமாதானம் ஆனார்கள். அவள் வாங்கிப் பழுது பார்ப்பாள். ஓட ஆரம்பித்ததும் அவன் வந்து ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான் பாருங்கள்... அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஓட ஆரம்பித்ததும் வா என்றால், ஓடுகிறதா என்று கேட்கவே தினமும் பட்டறைக்கு வந்தான்.

"வர்றது கம்ப்யூட்டரைப் பாக்கவா... டாக்டரைப் பாக்கவா?" என்று அண்ணி சீண்டினாள். கல்யாணப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நாற்பதைத் தொட்டுவிட்டவள், அன்றைக்குச் சூடான சாலிடரிங் கம்பியில் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு மதியம் திரை உயிர் பெற்றது. அவன் உட்கார்ந்தான். எதையும் பார்க்காமல், மனப்பாடமாக, மளமளவென்று வரிகளைத் தட்டினான். ஓடவிட்டதும் திரை முழுக்க நட்சத்திரங்கள் உதிர்ந்தன. இந்த நட்சத்திரங்களை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

சின்ன வயதில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கற்றதாம். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், பார்வைக்கு வைத்திருந்த மெஷினில் தட்டுவானாம்.

"முதலாளி பொண்ணு ஒருத்தி இருந்தா... ராட்சசி. கடை மூடுறப்ப ஸ்விட்சை அணைச்சிடுவா, எழுதினதெல்லாம் போயிடும். பதிஞ்சு வைக்கக் கேசட் கேட்டா, இல்லைன்னுடுவா."

சிரிப்போடுதான் சொன்னான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இரட்டைச் சடை போய், காதோரம் நரையே வந்தாயிற்று. சொன்னால் நாளைக்கு இவன் வரமாட்டான். ஆனால்... இந்த மனிதனிடம் மறைத்து வாழ முடியுமா?

"அந்த ராட்சசி நான்தான்," என்றாள். "மேஜை டிராயர் நிறைய கேசட் இருந்துச்சு. பதிஞ்சு குடுத்துட்டா... நீங்க மறுநாள் வரமாட்டீங்களோன்னு பயம்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தாள்.

"தினமும் முதல்லேருந்து அடிச்சு அடிச்சுத்தான் எனக்குப் புரோகிராமே புரிஞ்சுது. இன்னிக்கு நான் சாப்பிடுற சோறு உங்களால. எங்கயாவது பாத்தா நன்றி சொல்லணும்னு எத்தனை வருஷமா..." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்.

"இப்ப... அந்தப் பயம் போயிடுச்சா?"

"இல்ல. இப்பதான் ஜாஸ்தியா இருக்கு... போகாதீங்க."

அவன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.