எறும்பு இழுத்த கோதுமை

காலை ஏழு மணி. மரோனா மலைக் கல்லறைக் குகையைத் திறந்து பார்த்தால் மண் பொம்மை இல்லை. பூட்டு உடையவில்லை.

குழந்தையை மார்போடு அணைத்த தாய்ப் பொம்மை அது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த பிள்ளையின் பக்கத்தில் யாரோ வைத்தது. சைப்ரஸுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் மூச்சிரைக்க இந்த மலை ஏறுவார்கள்.

சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் இரவுக் காவலாளி ஹம்பிஸ். இன்னொருத்தி வழிகாட்டி மிரோஃபோரா. நீண்ட விடுப்பு முடிந்து நேற்றுதான் வேலைக்கு வந்தவள். தலைநகரத்து அதிகாரி ஹம்பிஸைக் கைது செய்யச் சொல்லிவிட்டார்.

"ராத்திரி உள்ளே ஒரு பொம்பள அழுதா. அப்புறம் தாலாட்டுப் பாடினா," என்றார் ஹம்பிஸ்.

"போய்ப் பாத்தீங்களா அண்ணே?" சார்ஜென்ட் ரோதூலா கேட்டாள்.

"செத்தவ பாடினா நீ போய்ப் பாப்பியா? குடிசையில போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்."

"குடிச்சிருந்தீங்களா?"

"சொட்டு இல்ல. ஞாயித்துக்கிழம என் பொண்ணுக்குக் கல்யாணம். விலங்கோட எப்படிம்மா அவ பக்கத்துல நிப்பேன்?"

மிரோஃபோரா பக்கத்தில் நின்று கையிலிருந்த சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ரோதூலா தனியாகக் குகைக்குள் குனிந்து போனாள். சின்ன எலும்புகள் கிடந்த பள்ளத்தில் பொம்மை நின்ற இடம் வெறிச்சோடிக் கிடந்தது. எறும்புகள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று ஊதிப்போன ஒரு கோதுமை மணியை இழுத்தது. பின்னாலேயே ஒரு மாதுளை முத்து.

அவித்த கோதுமை, சர்க்கரை, மாதுளை. இங்கே செத்தவர்களுக்குப் படைப்பது. விற்கத் திருடுகிறவன் படையல் போட்டுவிட்டா திருடுவான்?

நேராகத் தேவாலயத்துக்குப் போனாள். பாதிரியார் லெஃப்தெரிஸ் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் யாருக்காவது படையல் மந்திரிச்சீங்களா சாமி?"

"யாருக்கும் இல்லையே."

"ஆனா ஒரு வீட்ல கோதுமை அவிஞ்சிருக்கு. உங்ககிட்டக் கொண்டுவரல. கொண்டுவந்தாலும் நீங்க மந்திரிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சவங்க யாரு?"

பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்தார். "ஞானஸ்நானத்துக்கு முன்னாடி போன பிள்ளைக்கு நான் எப்படிம்மா செய்யறது? சபை விதி அப்படி."

யார் பிள்ளை என்று அவர் சொல்லத் தேவையில்லை. போன மாதம், பிறந்த நாலாம் நாளே போய்விட்டது மிரோஃபோராவின் பிள்ளை. அதற்குத்தான் அந்த விடுப்பு. ஊர் அதைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. அவள் முன்னால் ஒருவரும் அழக்கூட இல்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் இடம். அங்கே வாதுமை மரத்தடியில் இருந்தது பொம்மை. பெயர் எழுதாத சின்ன மண்மேடு. அதன் தலைமாட்டில் தாய் பிள்ளையை அணைத்தபடி நின்றாள். பக்கத்துத் தட்டில் மீதிக் கோதுமை.

ஹம்பிஸையும் மிரோஃபோராவையும் அங்கேயே வரவழைத்தாள் ரோதூலா.

"நீதான் எடுத்த மிரோஃபோரா. குகையில இருக்கற பிள்ளைக்குச் சமாதானமா படையல் வச்சிட்டு எடுத்திருக்க. மத்த எல்லாத்தையும் மறைச்ச, சிந்தின கோதுமைய மறந்துட்ட."

"இந்தத் தாய் இத்தன வருஷமா பிள்ளைய கைய விட்டு இறக்கல," என்றாள் மிரோஃபோரா. "என் பிள்ளைய நான் நாலு நாள்தான் தூக்கினேன். துக்கத்தோட நாப்பது நாள் முடியற வரைக்கும் இவன அவ தூக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் திருப்பி வச்சிருப்பேன் அக்கா." ஹம்பிஸ் பக்கம் திரும்பினாள். "உங்க தலையில விடியும்னு நெனக்கல அண்ணே. காலையிலயே சொல்லியிருக்கணும். நாக்கு எழல."

ரோதூலா பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். எடுக்கத்தான் வேண்டும். மண்மேடு தனியாகிவிட்டது.

காலையெல்லாம் திருடன் பட்டம் சுமந்த ஹம்பிஸ் அந்த மேட்டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் உண்பதுபோல், தட்டிலிருந்து ஒரு பிடி கோதுமையை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"பையனுக்குப் பேர் வச்சியாம்மா?"

"அந்தீமோஸ்."

"ராத்திரி ஏன் தனியா அழுத? என் குடிசைக் கதவத் தட்டியிருந்தா நானும் வந்து உக்காந்திருப்பேன்ல."