எனக்கும் இஷ்டு

"சார்... அந்தப் பெட்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

குரலில் இருந்த காரத்துக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. எதிரே ஒரு பெண். புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒரு கையில் மடக்கிய குடை, மறு கையில் சாப்பாட்டுக் கூடை. வெளியே ஐப்பசி மழை தஞ்சாவூரையே கரைத்துக்கொண்டிருந்தது. கும்பகோணம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மிச்சமிருந்த ஒரே சீட்டில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது ஓர் அட்டைப் பெட்டி.

"எடுத்திருக்கேங்க..." என்றான் அவன். சட்டைப் பையிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக டிக்கெட்டை உருவிக் காட்டினான்.

பிரின்ஸி இரண்டு டிக்கெட்டையும் உற்றுப் பார்த்தாள். அதற்குள் அவனே பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தான். "உக்காருங்க. இடிச்சிடாதீங்க, உள்ள பீங்கான் சட்டி."

சிரிப்பு உதட்டுக்கு வருமுன்னே கண்ணுக்கு வந்துவிடுகிற முகம் அது. இரண்டு கண்ணும் அப்படியே ஈரமாய், மழையைப் பார்த்துப் பார்த்து மழையாகவே ஆகிவிட்ட மாதிரி... 'சே, என்ன யோசனை இது?' என்று தன்னையே அதட்டிக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். பேசுவதில்லை என்று முடிவும் செய்தாள்.

ஆனால் பிரின்ஸிக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேட்கும் வியாதி. பாபநாசத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பிள்ளைகள் அவளைக் கேள்வி கேட்பது போக, அவள்தான் பிள்ளைகளை விரட்டி விரட்டிக் கேட்பாள். பள்ளியக்கிரகாரம் வரைக்கும் தாக்குப்பிடித்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"பீங்கான் சட்டிய எதுக்குங்க இவ்வளவு பத்திரமா...?"

"ஸ்லோ குக்கர். கரண்ட்ல வேலை செய்யும். சிங்கப்பூர்ல இருந்து அம்மாவுக்காக எடுத்துட்டு வந்தேன். அம்மா பால்வாடி டீச்சர். காலைல கறியப் போட்டுட்டுப் போனா, சாயங்காலம் வரும்போது வெந்திருக்கும்."

"சாயங்காலமா!" கண்கள் விரிந்தன. "நாள் முழுக்கவா வேகும்? அடிப்பிடிக்காது? எத்தனை விசில்?"

"விசிலே கிடையாதுங்க."

"விசில் இல்லாம ஒரு குக்கரா... அப்ப வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நம்பணும்."

முன்சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிரின்ஸி அதையெல்லாம் கவனிக்கவில்லை. "முதல்ல என்ன வைப்பீங்க?"

"மாட்டுக்கறி ஸ்டூ. எங்க கப்பல் பட்டறை கேன்டீன்ல ஒரு சீனத் தாத்தா வைப்பாரு பாருங்க... கறிய முதல்ல வாணலில செவக்க வறுக்கணும். அப்புறம் சின்ன வெங்காயம், கேரட்டு, உருளைக்கிழங்கு, தட்டின மிளகு... எல்லாத்தையும் உள்ள போட்டு மூடிட்டுப் போயிடணும். எலும்புல இருந்து கறி தானா கழண்டு வரும்."

"ஸ்டூவா? ஓ... இஷ்டு! எங்க வீட்ல இஷ்டுன்னுதான் சொல்லுவோம். எங்க தாத்தா தரங்கம்பாடில மிஷன் பங்களா சமையல்காரரு. அவரு காலத்துப் பேரு அது. கடைசில தேங்காப்பால் ஊத்துவோம்."

"எங்கம்மா வெள்ளக் குழம்புன்னுவாங்க. இஷ்டுன்னா அவங்களுக்குப் புரியவே புரியாது."

அய்யம்பேட்டை வந்துவிட்டது. அவன் எழுந்தான். மழை வலுத்தது. பெட்டியோ நனைந்தால் பிய்ந்துபோகிற அட்டை. பிரின்ஸி சட்டென்று குடையை நீட்டினாள்.

"பெட்டிக்குத்தான். உங்களுக்கில்ல."

"அப்ப குடைய எப்படித் திருப்பித் தர்றது?"

"உங்க வீட்டு போன் நம்பர் சொல்லுங்க... குடைக்கில்லைங்க, அந்தக் கறி வெந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு வயசுப் பெண் வாய்விட்டு ஓர் ஆணிடம் போன் நம்பர் கேட்கிறாள்! பிரின்ஸிக்குக் காது மடல் சுட்டது. அவன் நம்பரைச் சொன்னான், "கிளமென்ட்..." என்று பெயரையும் சேர்த்துச் சொன்னான். குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பல் தொப்பலாய் நனைந்தபடி இறங்கிப் போனான்.

*

கைபேசி இன்னும் எல்லார் கைக்கும் வந்துவிடாத வருஷம் அது. மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நின்று எண்களை அழுத்தினாள். 'வெறும் ஆர்வம்தான்... அறிவியல் ஆர்வம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறிவியல் ஆர்வத்துக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளுமா என்று மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"வேகலைங்க," என்றான் கிளமென்ட் சோகமாய். "கறி செருப்பாட்டம் இருக்கு."

"ஹைல வச்சீங்களா, லோலயா? கரண்ட் போச்சா? மூடியத் தொறந்தீங்களா?"

"நான் தொறக்கலையே..."

"வேற யாராவது?"

மறுமுனையில் ரிசீவர் எதிலோ இடிபட்டது. பிறகு, "அம்மா!"

தூரத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. "நான் சும்மா லேசாத்தான்டா தொறந்து பாத்தேன்! பால்வாடி எதித்தாப்லதானே இருக்கு... பிள்ளைங்களுக்குச் சுண்டல் குடுத்துட்டு ஒரு எட்டு, பாட்டு சொல்லிக் குடுத்துட்டு ஒரு எட்டு... விசிலே அடிக்காத சனியன எப்படிடா நம்பறது?"

பிரின்ஸி பூத்துக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "தொறக்கத் தொறக்க உள்ள சேர்ந்த சூடெல்லாம் போயிடும்ங்க. மறுபடி முதல்ல இருந்து ஏறணும். இந்தக் கணக்குக்கு உங்க கறி பொங்கலுக்குத்தான் வேகும்."

"இப்ப என்ன பண்றது? அம்மாவக் கட்டியா போட முடியும்?"

மறுநாள் அவளுக்கு வகுப்பே ஓடவில்லை. பூத்துக்கு ஓடினாள். அவன் குரலில் குறும்பு வழிந்தது.

"மூடி மேல ஒரு துணிய மடிச்சு வச்சு, அது மேல அந்தோணியார் சுரூபத்த வச்சுட்டேங்க. அம்மா வர்றாங்க, பாக்கறாங்க, சிலுவை போட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிடறாங்க!"

"அய்யய்யோ! எங்க வீடு லுத்ரன், சிலையே வைக்க மாட்டோம். எங்களுக்கு அந்த வசதி கூடக் கிடையாது."

இப்படியே நாள்கள் ஓடின. இஷ்டுவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சிங்கப்பூரில் கப்பலுக்குள் இறங்கினால் வானமே தெரியாது என்பதைப் பற்றி, அவள் அப்பா குழந்தைராஜ் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதைப் பற்றி, எதையெதையோ பற்றிப் பேசினார்கள். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை பகலில் விமானம் என்று அவன் ஒரு தடவை சொன்னதோடு சரி. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் இருவரும் அதற்குமேல் பேசவில்லை. அவன் ஏதாவது சொல்வான் என்று இவள் காத்திருந்தாள். பொம்பளைப் பிள்ளை எப்படி முதலில்...?

"சனிக்கிழமை கடைசித் தடவை வைக்கிறேன்," என்றான் அவன். "நல்லா வந்தா உங்களுக்கும் அனுப்பட்டுமா? வேணுமா வேண்டாமா சொல்லுங்க."

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்," என்று வேண்டுமென்றே பிகு செய்தாள்.

மறுநாள் போனை எடுத்தது அவன் அம்மா ஆரோக்கியம். "அவன் கடைக்குப் போயிருக்கான்மா. நீ ஏதோ யோசிச்சுச் சொல்றேன்னியாமே? என்ன சொல்லட்டும்?"

"எனக்கும் இஷ்டு வேணும்னு சொல்லுங்க ஆன்ட்டி!" என்றாள் பிரின்ஸி. சரியாக அந்த நேரம் பூத்தை உரசிக்கொண்டு போன பஸ் ஒன்று, ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கியது. நடுவில் இருந்த 'வேணு' அந்த ஹாரனோடு போயிற்று.

ஆரோக்கியத்தின் காதில் விழுந்தது இவ்வளவுதான்... "எனக்கும் இஷ்ட...ம்னு சொல்லுங்க ஆன்ட்டி!"

"மாதாவே!" மறுமுனையில் குரல் தழுதழுத்தது. "நல்லா இருப்பேம்மா! நீ ஒண்ணும் கவலப்படாத. அவன்கிட்டகூட இப்ப மூச்சு விட மாட்டேன். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்!"

ஒரு கிண்ணம் இஷ்டுவுக்கா இவ்வளவு சந்தோஷம் என்று பிரின்ஸி போனையே பார்த்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் ஆரோக்கியம். பட்டுப்புடவை. ஒரு கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. மறு கையில் கேரியர், கக்கத்தில் குடை. தஞ்சாவூர் லுத்ரன் தேவாலய வாசலில், ஆர்கன் வாசிக்கிறவர் வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறாள்.

"உங்க பொண்ணே வாயத் தொறந்து இஷ்டம்னு சொல்லிட்ட பிறகு நாங்க வராம இருக்கலாங்களா?" என்றாள் முகமெல்லாம் பூரிப்பாக. "நாங்க கத்தோலிக்கம்தான், ஆர்.சி. இருந்தா என்னங்க... எல்லாருக்கும் ஒரே சாமிதானே?"

குழந்தைராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பிரின்ஸிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. 'என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் சம்மதத்தை இவனே முடிவு செய்து அம்மாவை அனுப்பிவிட்டானா? அவ்வளவு இளப்பமா நான்?'

"நான் எப்ப ஆன்ட்டி அப்படிச் சொன்னேன்?"

"போன்லம்மா... எனக்கும் இஷ்டம்னு..."

அந்த பஸ் ஹாரன் ஞாபகம் வந்தது. பிறகு புரிந்தது. "ஐயோ! இஷ்டு! இஷ்டு வேணும்னு சொன்னேன் ஆன்ட்டி, உங்க வெள்ளக் குழம்ப! வேற ஒண்ணும் இல்ல!"

குழந்தைராஜ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. "மன்னிச்சிடும்மா... என் காது அப்படி. அவனுக்கு இது ஒண்ணும் தெரியாது, டிக்கெட் விஷயமா திருச்சிக்குப் போயிருக்கான். நானாத்தான் ஆசப்பட்டு வந்துட்டேன்," என்று தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள்.

வேற ஒண்ணும் இல்ல... எவ்வளவு பெரிய பொய்! பிரின்ஸி கழற்றாத செருப்போடு படியில் உட்கார்ந்தாள். அவனுக்கும் இந்நேரம் விஷயம் போயிருக்கும். இனி அவன் பேச மாட்டான். இவள் போன் செய்தால்தான் உண்டு. என்னவென்று செய்வது? மானமா மனசா என்று சாயங்காலம் வரைக்கும் அல்லாடினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேரியரைத் திறந்தார் குழந்தைராஜ். ஒரு துண்டு கறியை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

"ஆர்.சி.காரங்க வச்சாலும் இஷ்டு இஷ்டுதான்..." என்று முணுமுணுத்தார். "அந்தத் தம்பி எப்ப ஊருக்குப் போறாராம்?"

"நாளன்னைக்கு. பகல் ஃபிளைட்டுப்பா."

"வேற ஒண்ணும் இல்லைன்னு சொன்னியே... பகல்னு எப்படித் தெரியும்?"

அவள் தட்டைப் பார்த்தாள். இரண்டு சொட்டுக் கண்ணீர் சோற்றில் விழுந்தது. அப்பா கேரியரை எடுத்து மூடினார். பிறகு பெருமூச்சு விட்டார். "எந்தக் கோயில்ல கல்யாணம்னு அவங்களோட மல்லுக்கட்டாம விடமாட்டேன், சொல்லிட்டேன். நாளைக்குக் கேரியரக் கொண்டுபோய்க் குடு. வெறுமையாக் குடுக்காத, ரெண்டு பிடி சக்கரை போட்டுக் குடு."

*

திங்கட்கிழமை பள்ளிவிட்டதும் அய்யம்பேட்டையில் இறங்கினாள். மறுபடி மழை. வீட்டு முகப்பில் போட்டிருந்த தகரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் கதவைத் திறந்து, முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் கூடத்தில் திறந்த பெட்டி முன்னே கிளமென்ட். கையில் மடித்த சட்டை அப்படியே நின்றது.

"அம்மா பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கணும்," என்றான். "கேக்க முடியல. அம்மா காதுல தப்பா விழுந்துச்சுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் சிரிச்சிருப்பீங்க. எனக்கு அழுகைதாங்க வந்துச்சு."

அந்தக் கண்களில் இப்போது சிரிப்பே இல்லை. பிரின்ஸிக்கு அதற்குமேல் எந்த மானமும் மிச்சமில்லை.

"ஆன்ட்டி... நீங்க கேட்டதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு."

"என்னம்மா? இந்தத் தகரச் சத்தத்துல ஒண்ணும் விழல," என்றாள் ஆரோக்கியம் பயந்துபோய். "இன்னொரு தடவ தப்பாக் கேட்டுட்டு நான் அவமானப்பட மாட்டேன். சத்தமாச் சொல்லு."

பிரின்ஸி மூச்சை இழுத்துக்கொண்டாள். வகுப்புக் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு உங்க மகனப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி! கட்டிக்கிட்டா அவரத்தான் கட்டிக்குவேன்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. கிளமென்டின் கையிலிருந்த சட்டை நழுவிக் கீழே விழுந்தது. "பஸ்ல குடைய நீட்டினீங்களே... அன்னைக்கே நான் கவுந்துட்டேங்க," என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஆரோக்கியம் அவள் கையிலிருந்த கேரியரை வாங்கிக் கீழே வைத்தாள். பிரின்ஸியின் ஈரக் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இனிமே என்ன ஆன்ட்டி பூன்ட்டின்னுக்கிட்டு..." என்றாள். "அத்தைன்னு கூப்பிடு."